1 கேவிஏவா, 3 கேவிஏவா? வீட்டு ஒயரைப் பார்த்து வாங்குங்கள்

1 கேவிஏ (இன்வெர்ட்டர் தாங்கும் லோடின் அளவு) சோலார் இன்வெர்ட்டர் வழியாக முழு லோடு ஓடினாலும் 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர்தான். கரண்ட் இருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியை 10 ஆம்பியரில் சார்ஜ் செய்ய 230 வோல்ட் லைனில் இன்னும் முக்கால் ஆம்பியர் போகும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலேயே அடங்கிவிடும்.

3 கேவிஏ கதை வேறு. லோடுக்கே 13 ஆம்பியர். 24 வோல்ட் பேட்டரிக்கு 60 ஆம்பியர் சார்ஜிங் வைத்தால் 230 வோல்ட் லைனில் மேலும் 8. மொத்தம் 21. இதை 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் சூடாகி உருகலாம். “ஒண்ணும் ஆகாது சார்” என்பவரை நம்பாதீர்கள். 4 சதுர மி.மீ. ஒயரில் தனி லைன், தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். இல்லையென்றால் செட்டிங்கில் லைன் கரண்டில் நடக்கும் சார்ஜிங்கை 10 ஆம்பியராகக் குறைத்து, மீதியை வெயிலிடம் விடலாம்.

வாடகை வீடா? சுவரை உடைக்க முடியாது, 1 கேவிஏவே சரி.