களனியா மகாவலியா: மலையகத்தில் ஆற்றோரம் கூடாரம் போட எந்தப் பாதை?

இலங்கை மலையகத்தில் ஆற்றை ஒட்டி வண்டியில் போய் ஒன்றிரண்டு இரவு கூடாரத்தில் தங்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பாதைகளில் ஒன்றைத்தான் யோசிப்பார்கள். கித்துல்கலவிலிருந்து நோர்டன் பிரிட்ஜ் வழியாகக் காசல்ரி வரை ஏறும் களனிப் பாதை ஒன்று. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று நுவரெலியா போகும் கொத்மலைப் பாதை இன்னொன்று. அப்புறம் ஹங்குராங்கெத்தப் பக்கமாக இறங்கி ரந்தெனிகல, ரந்தம்பே, மகியங்கனை என்று மகாவலியோடு கீழே போகும் பாதை. மூன்றும் அழகுதான், ஆனால் பகலில் ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும் பாதையில் ராத்திரி படுப்பதற்கும் நல்ல இடம் கிடைத்துவிடாது. அதனால் நான் இரவை வைத்துத்தான் பாதையைத் தேர்வேன்.

அந்தக் கணக்கில் கொத்மலை முதலிலேயே விழுந்துவிடுகிறது. பார்க்க ஒன்றும் குறைவில்லை: புசல்லாவை தாண்டியதும் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரியும், இறம்பொடையில் 109 மீட்டர் நீர்வீழ்ச்சி, பக்கத்திலேயே அனுமார் கோயில், அதற்குமேல் நுவரெலியா வரை தேயிலை. ஆனால் ரோடு மலையின் இடுப்பில் போகிறது, தண்ணீர் எங்கேயோ பள்ளத்தில் கிடக்கிறது. கூடாரத்துக்குச் சமதரை தேடினால் ஒன்று தோட்டக் காணி, இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய மரக்கறித் தோட்டம். ஒரே நாளில் போய் வர இது முதல் தரம், தங்குவதற்கு விடுதிதான் சரி.

என் வாக்கு களனிக்கு. களனி கங்கை முழுதாக 145 கிலோமீட்டர்தான், மகாவலியின் 335-இல் பாதிகூட இல்லை. ஆனாலும் அதன் மேல் பகுதியில் ஆற்றின் வெவ்வேறு முகங்களை ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். கித்துல்கலவில் அது பாறைகளுக்கு நடுவே சத்தம் போட்டு ஓடும் ஆறு, இருபக்கமும் மழைக்காடு. அதற்குச் சற்று மேலே மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆகிறது. கினிகத்தேனையில் ஹட்டன் ரோட்டை விட்டு நோர்டன் பிரிட்ஜ் பக்கம் திரும்பினால், நீங்கள் கெஹெல்கமு ஓயாவைத் துரத்திக்கொண்டு ஏறுகிறீர்கள்: அபர்டீன் நீர்வீழ்ச்சி, விமலசுரேந்திர அணைக்கட்டு, கடைசியில் 1965-இல் கட்டிய காசல்ரி அணை. அங்கே ஆறு அடங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கிடக்கும் ஏரியாகிவிடுகிறது. வானம் தெளிவாக இருந்தால் சிவனொளிபாதமலையும் தெரியும்.

இரவுகளும் அப்படியே இரண்டு விதம். முதல் இரவு கித்துல்கலவில் வியர்க்கும், அட்டை கடிக்கும், ஆற்றுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடச் சரியாகக் கேட்காது. இரண்டாம் இரவு காசல்ரியில் சுவெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. காலையில் நோர்வூட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டியும் கிடைக்கும், தமிழிலேயே வழி கேட்கலாம், ஏதாவது ஒன்று என்றால் உதவிக்கு ஆள் வரும். கூடாரத்தில் படுப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நேரம் மிஞ்சினால் மஸ்கெலியா வரை போய் மவுசாகலை நீர்த்தேக்கத்தையும் பாருங்கள். 1969-இல் அந்த அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது, நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் பழைய வழிபாட்டிடங்கள் மேலே தெரியும்.

ரந்தெனிகலப் பாதையோடு ஒப்பிட்டால் களனி தோற்கும் இடமும் உண்டு, அது தண்ணீரின் பரப்பு. மகாவலி அங்கே பெரிய மனிதர் மாதிரி விரிந்து உட்கார்ந்திருக்கிறது. விக்டோரியா அணை 122 மீட்டர் உயரம், 1985-இல் திறந்தது. அதற்குக் கீழே ரந்தெனிகல, அதை ஒட்டியே ரந்தம்பே. ரோட்டில் நெரிசல் குறைவு, மலை முடிந்து வறண்ட காடு தொடங்குவது கண்ணெதிரே நடக்கும். மகியங்கனையிலிருந்து ஹசலக்க வழியாகப் பதினெட்டு வளைவு ஏறித் திரும்பினால் வந்த வழியே வர வேண்டியதும் இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மூன்றிலும் இதுதான் பிடிக்கும்.

ஆனால் அது விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே சரணாலயம். யானை நடமாடும் காடு, நீர்க்கரைதான் அவை இறங்கும் இடம். "இங்கே யாரும் இல்லை, கரையிலேயே கூடாரம் போடுவோம்" என்பது அங்கே உயிரோடு விளையாடுகிற வேலை, அனுமதி இல்லாமல் தங்கினால் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அனுமதி உள்ள முகாம் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர முடியும் என்றால் மட்டும் போங்கள். சின்னப் பிள்ளைகளோடு என்றால் நான் காசல்ரிதான் சொல்வேன்.

களனியில் யானை இல்லை, அதற்குப் பதிலாக அணை இருக்கிறது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. மேலே காசல்ரி, மவுசாகலை, நோர்டன், லக்ஷபான என்று வரிசையாக அணையும் மின்நிலையமும். கித்துல்கலவில் ஒரு சொட்டு மழை இல்லாமல் வெயில் அடிக்கும்போதுகூட, மேலே பெய்த மழைக்கு வான்கதவு திறந்தால் ஆறு ஏறிவிடும். பாறைகளுக்கு நடுவே மணல் திட்டு ஒன்று சமமாக, அழகாக இருக்கும், கூடாரம் போடக் கை துறுதுறுக்கும், போடாதீர்கள். கரையில் செடி கொடி முளைத்து நிலையாக நிற்கும் மட்டத்துக்கு மேலேதான் படுக்க வேண்டும். காசல்ரிக் கரையில் தோட்டக் காணியில் தங்குவதானால் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள், கொழுந்து பறிக்கும் மலைக்குள் வண்டியை ஏற்றாதீர்கள். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் கரையை விட்டுத் தள்ளி நடக்கட்டும், போத்தலைக் கரையில் உடைத்துவிட்டுப் போனால் நாளைக்கு அதில் கால் வைப்பது தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள்.

எப்போது போவது என்பதும் இரண்டுக்கும் நேரெதிர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராகக் கினிகத்தேனை, வட்டவளை, நோர்டன் மலைகளில்தான் மோதும், அப்போது களனிப் பக்கம் கூடாரம் என்பது நனைந்த துணி மூட்டை. அதே ஜூன், ஜூலையில் ரந்தெனிகலப் பக்கம் காய்ந்து கிடக்கும், காற்றுதான் கூடாரத்தைப் பிடுங்கப் பார்க்கும், ஆப்பை ஆழமாக அடிக்க வேண்டும். களனிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை நல்ல காலம். ஆனால் சிவனொளிபாதமலை யாத்திரையும் அப்போதுதான், போயா (பௌர்ணமி) நாளிலும் வார இறுதியிலும் நோர்வூட், மஸ்கெலியா ரோடு பஸ்ஸும் வேனுமாக நிறைந்துவிடும். செவ்வாய், புதனில் போனால் ஏரிக்கரை அமைதியாக இருக்கும்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு எந்தப் பாதையையும் பழைய நினைவை நம்பித் தொடங்கக் கூடாது. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேசவாரியாக வெளியிடும். உங்கள் பாதையில் ஒரு பிரதேசத்துக்கு அது வந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், தள்ளிப் போட முடியாதவர்கள் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு ஹட்டனில் அறை எடுத்துத் தங்குங்கள்.