பேஜ் ஃபைலைக் கூட்டுவதா, ராம் போடுவதா?

குரோமில் நாலு பக்கம் திறந்ததும் "வேர்ச்சுவல் மெமரி போதாது" என்று கணினி முரண்டு பிடிக்கிறதா? ராமும், ராமில் கொள்ளாததை வைக்க விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த இடம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல வீடுகளில் இன்னும் 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும்தான். முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்து மெமரி பகுதியில் 'கமிட்டெட்' எண்ணைப் பாருங்கள். சாய்கோட்டுக்கு இடப்பக்கம் பாவனை, வலப்பக்கம் எல்லை. இரண்டும் நெருங்கி நின்றால் குறை அங்கேதான்.

செலவு
பேஜ் ஃபைல்: ஒரு சதமும் இல்லை.
ராம்: காசு வேண்டும், பாவித்தது என்றால் குறையும்.

வேகம்
பேஜ் ஃபைல்: பிழைச் செய்தி வராது, ஆனால் வேகம் ஏறாது. ராமில் கொள்ளாததை டிஸ்க்கில் எழுதி, பிறகு திரும்ப வாசிக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் கரகரக்க, மவுஸும் அசையாமல் நிற்கும்.
ராம்: அந்த அலைச்சலே குறையும்.

சுலபம்
பேஜ் ஃபைல்: 'சிஸ்டம் மனேஜ்ட் சைஸ்' என்று விட்டால் சரி, அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். சி டிரைவில் இடம் இருக்க வேண்டும்.
ராம்: வவுனியாக் கடைக்குப் போகுமுன் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். ராமில் வகைகள் உண்டு: டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 ஏறாது. விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

வேர்ட், பிரின்ட் அளவோடு வேலை முடிகிறவர்களுக்கு பேஜ் ஃபைலே போதும். பிள்ளையின் சூம் வகுப்பும் குரோமும் ஒன்றாக ஓட வேண்டுமென்றால் ராம்தான். 8 ஜிபி இருந்தும் இழுக்கிறதா? அப்ப எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலாத வேகமான டிஸ்க்குக்கு, காசைச் சேருங்கள்.