யார்ட் டிரக்கில் 6 ஆண்டுகள்: டீசலும் மின்சாரமும் ஓட்டிய அனுபவம்

நெடுஞ்சாலை லாரிகள் கொண்டுவந்து விட்டுப் போகும் டிரெய்லர்களைக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் டாக் வாசலில் சேர்ப்பதும், சரக்கு ஏற்றி முடிந்தவற்றை வெளியே இழுத்து வரிசையில் நிறுத்துவதும் என் வேலை. ஒரே ஷிப்டில் 60 டிரெய்லர்கள் வரை நகர்த்திய நாட்கள் உண்டு. முதல் நாலரை ஆண்டுகள் டீசல் வண்டி, கடந்த ஒன்றரை ஆண்டுகளாக மின்சார வண்டி. இரண்டுமே ஒருவர் மட்டும் அமரும் குறுகிய கேபின் கொண்ட யார்ட் டிரக்குகள்தாம்.

இந்த வண்டியின் உயிர்நாடி அதன் ஹைட்ராலிக் தூக்கி. சாதாரண லாரியில் டிரெய்லரை மாட்டினால், அதன் தாங்கு கால்களைக் கைப்பிடியால் சுற்றி மேலே ஏற்றியாக வேண்டும். இதில் பின்னால் இருக்கும், டிரெய்லரின் முன்பகுதி மேலே அமர்ந்து பூட்டிக்கொள்ளும் ஐந்தாம் சக்கரத்தட்டே மேலெழும்பி, டிரெய்லரின் முன்பகுதியைச் சில அங்குலம் தூக்கிவிடும். கால்கள் நீண்டபடியே இருக்க, வண்டியை எடுத்துவிடலாம். கேபினின் பின்புறக் கதவைத் திறந்தால் நேராக மேடை. அங்கே நின்றபடியே டிரெய்லர் பிரேக்குக்கான காற்றுக் குழாய்களை மாட்டலாம். ஒரு நாளைக்கு 60 முறை கைப்பிடி சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். தோள்பட்டை ஒரு மாதம்கூடத் தாங்காது. இந்த வசதிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் இதே வசதிதான் என்னை ஒரு முறை கவிழ்க்கப் பார்த்தது. இரண்டாம் ஆண்டு, மழை பெய்துகொண்டிருந்த இரவு. டிரெய்லருக்கு அடியில் பின்னோக்கிப் போனேன். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. பூட்டு விழுந்துவிட்டது என்று நம்பினேன். குழாய்களை மாட்டி, தட்டை உயர்த்தி, கிளம்பிவிட்டேன். சமதளத்தில் டிரெய்லர் ஒழுங்காகக் கூடவே வந்தது. சிறு சரிவில் ஏறும்போதுதான் முன்பகுதி தட்டிலிருந்து வழுக்கி, நீண்டிருந்த கால்களின் மேல் தொப்பென்று இறங்கியது. உண்மையில் பூட்டின் தாடைகள் கிங் பின்னை, அதாவது டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளையை, சுற்றி முழுதாக மூடியிருக்கவில்லை. சரக்கின் எடையால் உண்டான உராய்வு மட்டும்தான் அதுவரை டிரெய்லரைப் பிடித்து வைத்திருந்தது. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் சிவப்புக் குழாய் அறுந்து காற்றழுத்தம் போனதும் டிரெய்லரின் ஸ்பிரிங் பிரேக்குகள் தாமாகவே இறுகின. அதனால் அது பின்னோக்கி உருளவில்லை. ஒரு கால் வளைந்தது, உள்ளே பலகை அடுக்குகள் சரிந்தன. யாருக்கும் காயமில்லை.

மறுநாள் மூத்த ஓட்டுநர் ஒருவர் என்னை அழைத்துப்போய், டார்ச் விளக்கை என் கையில் கொடுத்தார். “தம்பி, சத்தத்தை நம்பாதே. குனிந்து பார்” என்றார். தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தளத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தாடைகள் பின்னின் பின்பக்கத்தை முழுதாகச் சூழ்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு டிரெய்லர் பிரேக்கை விடுவிக்காமல், தட்டையும் உயர்த்தாமல், மெதுவாக ஒரு முறை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். அன்றிரவு நான் இந்த இரண்டையுமே செய்யவில்லை. இழுத்துப் பார்ப்பது மட்டும் போதாது என்பதையும் அவரிடமே கற்றேன். டிரெய்லர் அதிக உயரத்தில் நின்றால் கிங் பின் தட்டைத் தாண்டி முன்விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அப்போது இழுத்தாலும் வண்டி பிடித்துக்கொண்டதுபோலவே தோன்றும். கண்ணால் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

பின்னோக்கி ஓட்டுவதைப் புதியவர்கள் பெரிய மலையாக நினைக்கிறார்கள். இரண்டு மூன்று மாதங்களில் கைவந்துவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். வண்டி குட்டையாக இருப்பதால் டிரெய்லர் சட்டென்று வளையும், திருத்தங்கள் சிறிதாக இருக்கட்டும்.

டாக்கிலிருந்து இழுக்கும் கணம்தான் இன்றும் என் வயிற்றைப் பிசைகிறது. உள்ளே ஃபோர்க்லிஃப்ட் நுழைந்திருக்கும்போது டிரெய்லர் நகர்ந்தால், அந்த ஓட்டுநர் இயந்திரத்தோடு கீழே விழுவார். பல டாக்குகளில் டிரெய்லரின் பின்கம்பியைக் கவ்வும் கொக்கியும், வெளியே சிவப்பு பச்சை விளக்குகளும் உண்டு. வெளியே பச்சை எரிந்தால் உள்ளே சிவப்பு எரியும். விளக்குப் பழுதாகிக் கிடந்த ஒரு வாசலில், “எடுக்கலாம்” என்று வயர்லெஸ்ஸில் சொன்னதை மட்டும் வைத்து நான் எடுக்க மறுத்தேன். மேற்பார்வையாளர் கோபித்துக்கொண்டார். நடந்து போய் டாக் கதவு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். நான்கு நிமிடம் போயிற்று, போகட்டும்.

உடலைப் பற்றி விளம்பரங்களில் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பல யார்ட் டிரக்குகளில் பின் அச்சுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. நேராகச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். தூக்கும்போது வண்டி ஆடாமலிருக்க அப்படிச் செய்கிறார்கள். தரையிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்கு வந்து சேரும். அதிர்வைத் தாங்கும் காற்று இருக்கை சரியாக வேலை செய்யாத வண்டியை ஒரு ஷிப்டுக்குக்கூட ஏற்காதீர்கள். அடுத்தது கழுத்து, நாள் முழுக்கப் பின்னால் திரும்பிப் பார்ப்பதால். மூன்றாவது முழங்கால். கடைசிப் படியிலிருந்து குதித்து இறங்கும் பழக்கத்தை நான் மூன்றாம் ஆண்டில்தான் விட்டேன். அதற்குள் வலது முழங்கால் பழுதாகிவிட்டது. இரு கைகளும் ஒரு காலும், அல்லது இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்கும்படி, வண்டியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும்.

பராமரிப்பில் சிறு பொருள்கள்தாம் அதிகம் படுத்தும். குழாய் முனையிலுள்ள ரப்பர் வளையம் கிழிந்தால் காற்றுக் கசிந்து, அழுத்தம் ஏறவே ஏறாது. சட்டைப்பையில் நான்கு வளையங்கள் எப்போதும் வைத்திருப்பேன். காற்றுத் தொட்டிகளில் தேங்கும் நீரை வடித்துவிடவும் மறக்கக் கூடாது. கடுங்குளிரில் அது உறைந்தால் பிரேக்கே சிக்கிக்கொள்ளும்.

மின்சார வண்டிக்கு மாறிய முதல் வாரமே தலைவலி குறைந்தது. டீசல் புகை இல்லை, அதிர்வும் வெகுவாகக் குறைந்துவிட்டது. நின்று நின்று போகும் இந்த வேலைக்கு அது பொருத்தம். காத்திருக்கும்போது எரிபொருள் வீணாவதில்லை, வேகம் குறைக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. இடைவேளையில் மறக்காமல் சார்ஜ் போட்டால் எனக்கு ஷிப்ட் முழுதும் வந்துவிடுகிறது. குறை ஒன்றுதான். சத்தமே இல்லாததால், டிரெய்லர்களுக்கு நடுவே நடந்து வருகிறவர்களுக்கு நான் வருவது தெரிவதில்லை. வரிசை முனை ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்து, ஜன்னலை இறக்கிவிட்டு, காலடிச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறேன்.