ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர்: ஓட்டத்தில் குறையில்லை, ஊர்ந்தால்தான் தொல்லை

படகுப் பருவம் முடியும் நேரத்தில் கடைகளில் புரொப்பெல்லர் விலை இறங்கும். இம்முறையும் இறங்கியிருக்கிறது. ஒன்ராறியோவின் பீற்றர்பரோவில் இருக்கும் நண்பர் ஒருவர் விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணை, நீங்கள் போட்டிருப்பது இதுதானே? நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "வாங்குங்கள்" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். கை வரவில்லை. என்னுடைய ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர் பழுதுபார்த்து வந்து பல வாரங்களாகியும் கராஜில் கிடக்கிறது. படகில் ஓடுவது பழைய அலுமினியம். அதன் காரணத்தைச் சொல்லாமல் அவரை எழுநூறு டொலர் செலவுக்குத் தள்ளிவிட முடியாது.

என் படகு 17 அடி அலுமினியப் படகு, 90 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் என்ஜின். பெரும்பாலும் ரைஸ் ஏரி, சில வேளைகளில் ஸ்கூகொக், எப்போதாவது சிம்கோ. கடை கொடுத்தபோது அதில் 19 அங்குல பிட்ச் (நீரில் வழுகாமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள மூன்று இறக்கை அலுமினியம் இருந்தது. சோதனை ஓட்டத்தில் கடைக்காரரும் நானும் மட்டும். தாங்கியில் கால்வாசிப் பெற்றோல். மணிக்கு 60 கிலோமீற்றரைச் சிரமமில்லாமல் தொட்டது. அவருக்கு அது போதும், படகு விற்றாயிற்று.

வீட்டார் ஏறியதும் கதை மாறியது. பிள்ளைகள், மனைவி, மாமியார், மாமியாரின் சாப்பாட்டு அடுக்கு, ஐஸ் நிறைந்த குளிர்ப்பெட்டி. திராட்டிலை முழுக்கத் தள்ளினால் படகின் முன்புறமான அணியம் வானத்தைப் பார்க்கும், பின்புறம் நீரில் அமிழும், எனக்கு எதிரே ஏரி தெரியாது. படகு எழும்பிச் சறுக்கத் தொடங்குவதற்குள் மாமியார் இரண்டு தேவாரம் பாடி முடித்துவிடுவார். சுற்றுமானி நிமிடத்துக்கு 4,800 சுற்றில் நின்றுவிடும். இந்த என்ஜின் முழுத் திராட்டிலில் 5,000க்கும் 6,000க்கும் இடையில் சுற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அதற்குக் கீழே நின்றால் என்ஜின் தாங்க முடியாத பாரத்தைத் தள்ளுகிறது என்று பொருள். கரி படியும், சூடு ஏறும், பெற்றோல் கரையும். பலர் இதை என்ஜினின் குறை என்று நினைத்து மெக்கானிக்கிடம் போகிறார்கள். குறை என்ஜினில் இல்லை, அதன் வாலில் மாட்டியிருப்பதில் இருக்கிறது.

பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது பொதுக் கணக்கு. 17க்கு இறங்கினேன். குடும்பத்தோடு 5,200, தனியே 5,600. அணியம் சீக்கிரம் இறங்கியது. வேகம் குறைந்துவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்காகக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். என் என்ஜினின் கியர் விகிதம் 2.07. ஆக 5,600 சுற்று புரொப்பெல்லருக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 2,700. ஒரு சுற்றுக்கு 17 அங்குலம் வீதம் நீர் துளியும் வழுகாமல் நின்றால் மணிக்கு 70 கிலோமீற்றர் வர வேண்டும். ஜிபிஎஸ் காட்டியது 61. மீதி வழுகலில் போனது. இந்த 13 சதவீதம் இத்தகைய படகுக்கு மோசமல்ல. பெரிய பிட்ச் போட்டால் பெரிய வேகம் வரும் என்பது என்ஜின் அந்தப் பிட்சைச் சுற்றி முடித்தால்தான் உண்மை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வளைவில் அலுமினியம் செய்த வேலைதான் என்னை ஸ்டெயின்லெஸ் பக்கம் தள்ளியது. வேகமாகப் போகும்போது சட்டென்று திருப்பினால் புரொப்பெல்லர் மேல்மட்டத்துக் காற்றை உறிஞ்சிவிடும். என்ஜின் ஊளையிடும், முள் 6,000ஐத் தாண்டத் துடிக்கும், படகோ தள்ளுவிசை இழந்து தொய்ந்து உட்காரும். பின்னால் ரப்பர் மிதவையில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்போது இது நடந்தால், கயிறு தளர்ந்து பிள்ளை தண்ணீரில் நிற்கும், ஏச்சு எனக்கு விழும். பலர் இதைக் குமிழிக் கோளாறு என்று சொல்வார்கள். அது வேறு: அங்கே இறக்கையின் படகைப் பார்க்கும் முகத்தில் அழுத்தம் விழுந்து நீரே கொதித்துக் குமிழியாகி, வெடித்து, உலோகத்தை அரிக்கும். என் பிரச்சினை வெறும் காற்று.

ஸ்டெயின்லெஸ்ஸில் இறக்கையின் பின்விளிம்பை மெல்ல உட்புறம் மடித்திருப்பார்கள். அந்த மடிப்பு நீரைப் பிடித்து வைக்கும். உலோகம் உறுதியானதால் இறக்கையை மெல்லியதாக வார்க்கலாம். முழு வேகத்தில் அலுமினியம் போல வளைந்துகொடுத்துப் பிட்சை இழக்காது. அதே 17 அங்குலம், மூன்று இறக்கை, வாங்கி மாட்டினேன். சொன்னது அத்தனையும் செய்தது. வளைவில் ஊளை நின்றது. என்ஜினை இன்னும் கொஞ்சம் மேலே சாய்த்து ஓட்ட முடிந்தது, அணியம் இலேசானது. மடிப்பினால் சுற்று நூறளவு குறைந்தும் வேகம் 64 ஆனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முதல் கோடை முழுவதும் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைத்தேன்.

நான் வேகத்துக்காக மட்டும் படகு வைத்திருக்கவில்லை. மே மாதம் வால்ஐ மீன் பருவம் திறந்ததும் விடியற்காலையில் கியரைப் போட்டு, திராட்டிலைத் தொடாமல், தூண்டிலை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போவதற்காகவும்தான் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அது தொடங்கியது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு யாரோ விடாமல் குலுக்குவது போன்ற கடகடப்பு. படகின் பின்பலகை வழியே ஏறி, இருக்கைக்குள் புகுந்து, பல்லில் வந்து நிற்கும். கியரை நடுநிலைக்குத் தள்ளினால் ஓசை இல்லை. மறுபடி முன்கியர், மறுபடி கடகட. ஆயிரம் சுற்றுக்கு மேலே போனால் மாயமாகிவிடும். ஆனால் ஆயிரம் சுற்றில் வால்ஐ மீன் பிடிக்க முடியாது, அதை வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

முதலில் கியர் போய்விட்டது என்று நினைத்தேன். எண்ணெயை வடித்துப் பார்த்தேன்: உலோகத் தூள் இல்லை, நீர் கலந்த வெண்மை இல்லை. கடைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் மூடியைத் திறக்கக்கூட இல்லை. "ஸ்டெயின்லெஸ்ஸா? அப்படித்தான் இருக்கும்" என்றார். விற்கும்போது அந்த வாய் எங்கே போயிருந்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

காரணம் எளிதுதான். மெதுவாகச் சுற்றும் என்ஜின் சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் ஓர் உந்து, பிறகு ஒரு தளர்வு. கியர்ப் பற்களுக்கும் கிளட்சுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி எப்போதும் உண்டு. நீரின் பாரம் போதுமான அளவு இருந்தால் பற்கள் ஒரு பக்கமாக அழுந்தியே இருக்கும். ஊர்ந்து போகும்போது அந்தப் பாரம் இல்லை. எடை கூடிய புரொப்பெல்லர் தன் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்க, என்ஜின் ஒரு கணம் பின்தங்குகிறது, அடுத்த கணம் முந்துகிறது. பற்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதுகின்றன. அலுமினியம் பாதி எடைதான் என்பதால் என்ஜினோடு சேர்ந்தே தயங்கி, சேர்ந்தே ஓடுகிறது. கியருக்கு இதனால் ஆபத்தில்லை என்கிறார்கள், நம்புகிறேன். என் காதுக்கு ஆபத்தில்லை என்று யாரும் சொல்லவில்லை.

பரிகாரங்களும் செய்து பார்த்தேன். புரொப்பெல்லரை அச்சுத்தண்டோடு இணைக்கும் நடுப்பாகம்தான் ஹப்; அதிர்வைத் தணிப்பதற்கென்றே ஒரு வகை ஹப் விற்கிறார்கள். நடுவில் நெகிழும் பாகம் உள்ளது. அதற்குத் தனி விலை. போட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. பாதித் தலைவலியும் தலைவலிதான் என்று அன்று தெரிந்தது. கியர் போடும்போது விழுந்த 'டங்' என்ற அடி மட்டும் நன்றாக மிருதுவானது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்வதற்கென்று சிறிய துணை என்ஜின் பூட்டலாம் என்றார் ஒருவர். புரொப்பெல்லர் சத்தத்துக்காக என்ஜின் வாங்குகிற அளவுக்கு எனக்கு இன்னும் வசதி வரவில்லை.

இந்தச் செப்டம்பரில் நீருக்குக் கீழே நின்ற மரக்கட்டை ஒன்று கணக்கைத் தீர்த்து வைத்தது. ரைஸ் ஏரி இதற்குப் பேர்போனது. கட்டைகள் மட்டுமல்ல, 1854இல் கோபர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு ஏரியைக் குறுக்கே கடந்து ரயில் பாதை போட்டார்கள். குளிர்காலப் பனிக்கட்டி பாலத்தை நெரித்து நெரித்து, சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். அந்த அணையின் கற்குவியல் ஹார்வுட் பக்கம் இன்னும் நீருக்கடியில் படுத்திருக்கிறது. ரயில் போய் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் புரொப்பெல்லர்களிடம் கட்டணம் வசூலிக்கிறது.

கட்டையில் மோதியதில் ஸ்டெயின்லெஸ்ஸின் இரண்டு இறக்கை நுனிகள் சுருண்டன. ஹப் நழுவிக்கொடுத்தது, கியர் தப்பியது. அதற்குத்தான் ஹப் இருக்கிறது. அலுமினியமாக இருந்தால் ஓர் இறக்கை பாதியாகப் போயிருக்கும், புதிதாக இன்னொன்று இருநூறு டொலருக்குள் வாங்கியிருப்பேன். ஸ்டெயின்லெஸ்ஸைத் தூக்கி எறிய மனம் வராது. பழுதுபார்க்கக் கொடுத்தால் நுனியைச் சூடாக்கி, அச்சில் வைத்துத் தட்டி, பற்றவைத்து, மினுக்கித் தருவார்கள். புது அலுமினியத்தை விட அதிகமாகப் பில் வந்தது. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

அது பட்டறையில் இருந்த நாட்களில் பழைய அலுமினியத்தை மாட்டினேன். இறக்கைக்கும் மேலே இருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு துண்டு மரத்தை வைத்து, சுழலாமல் நிறுத்தி, மரையைத் திருகி, அது கழலாதபடி பிளவு ஊசியை மடித்து முடித்தேன். மறுநாள் விடியற்காலையில் கியரைப் போட்டதும், என்ஜின் ஓடுகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். குளிர்நீர் தாரை விழுந்துகொண்டிருந்தது. நாணலுக்குள் ஒரு நீர்க்காகம் இருமியதுகூடக் கேட்டது. இதை இத்தனை காலம் எழுநூறு டொலர் கொடுத்து இழந்திருக்கிறேன் என்று எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போது நியாயம் பேச வேண்டும். ஸ்டெயின்லெஸ் நல்ல பொருள். வளைவில், அலையில், பாரத்தோடு, முழு வேகத்தில், எதிலும் அலுமினியம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மணலில் உரசினால்கூடக் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்கூகொக்கின் ஆழமற்ற நீரில் அலுமினியத்தின் விளிம்பு ஒரே கோடையில் கடித்த ரொட்டிபோல் ஆகிவிடுகிறது. மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். அந்த ஒன்பது கராஜிலேயே இருக்கட்டும். அலுமினியத்துக்கு ஆறுதான், ஆனால் அடுத்த மே மாதம் ஏரியில் இறங்கப்போவது அந்த ஆறுதான்.

நண்பருக்கு: நீங்கள் மீன் பிடிப்பதில்லை, பிள்ளைகளை மிதவையில் இழுப்பதற்கே படகு என்றால், தயங்காமல் வாங்குங்கள். ஆனால் முதலில் உங்கள் படகு முழுப் பாரத்தில், முழுத் திராட்டிலில் எத்தனை சுற்று காட்டுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண் தெரியாமல் பிட்ச் சொல்லும் கடைக்காரரிடம் எதையும் வாங்க வேண்டாம். படகில் தனியே போய் அளந்தால் அந்த எண் உங்களை ஏமாற்றும். ஸ்டெயின்லெஸ் வாங்கினாலும் பழைய அலுமினியத்தை விற்றுவிடாதீர்கள். மரைத்திருகி, ஒரு துண்டு மரம், இரண்டு பிளவு ஊசி ஆகியவற்றோடு படகிலேயே கிடக்கட்டும்.

கழற்றும்போது உள்ளே இருக்கும் தடித்த வளையத்தைத் தவறவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் புரொப்பெல்லர் முன்னால் நகர்ந்து கியர்ப் பெட்டியில் உரசும். அதற்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். நரம்பு எண்ணெய் அடைப்பை அறுத்துவிட்டால் கியருக்குள் நீர் புகும். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் படகை வீதியில் இழுக்கும் முன் நீர்ச்செடிகளை அகற்றி, வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை வடிப்பது சட்டம். எப்படியும் குனிந்து பாசியைப் பிடுங்கத்தான் போகிறீர்கள், அப்போதே நரம்பையும் பார்த்துவிடலாம்.

விளம்பரத்தில் இருக்கும் விலையில் ஹப் சேர்ந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். எனக்கு அது தனிப் பில்லாக வந்தது, அதற்கு மேல் 13 சதவீத வரியும்.