தூண்டுவது ஒன்று, தடுப்பது ஒன்று

வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பது பிட்யூட்டரி சுரப்பி. அதற்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது: ஜிஎச்ஆர்எச் 'சுர' என்று சொல்லும், சொமட்டோஸ்டாட்டின் 'போதும்' என்று சொல்லும். முன்னதில் 44 அமினோ அமிலங்கள், பின்னதில் வெறும் 14.

எனக்குப் பெரிய வியப்பு அந்தச் சின்னதுதான். தூண்டும் ஹார்மோனைத் தேடிய விஞ்ஞானி ரோஜே கீய்மான் ஆய்வகத்தில், 1973-இல் முதலில் அகப்பட்டது தடுப்பதுதான்! மற்றது 1982-இல், கணையக் கட்டியிலிருந்து கிடைத்தது.

குழந்தை அயர்ந்து தூங்கியதும் தூண்டுவதன் கை ஓங்கும். ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் சட்டென்று ஏறும். சரி, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்தால்? தடுப்பது ஓங்கும், அளவு இறங்கும். இறங்காவிட்டால் அக்ரோமெகலி, அதாவது வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் நோய், இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அதற்குப் போடும் ஆக்ட்ரியோடைட் ஊசி, சொமட்டோஸ்டாட்டினைப் போலவே செய்யப்பட்டது.