சரளைக்கல் பொறுக்கும் டயர்

டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து, சிறு கார் வைத்திருக்கும் உறவினர்கள் ஒவ்வொருவராக என் வண்டியில் போட்டிருக்கும் டயரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வரி நீங்கலாக 4,000 ரூபாய் விலையுள்ள டயருக்கு முன்பு 5,120 ரூபாய் கொடுத்தோம். இப்போது 4,720 கொடுத்தால் போதும். நான்குக்கும் சேர்த்து 1,600 ரூபாய் மிச்சமாகும் நேரத்தில் இத்தகைய விசாரிப்பு இயல்புதான். தேவகோட்டை மாப்பிள்ளையிடம், "நல்ல டயர்தான் மாப்பிள்ளை, ஆனால் வாங்காதீர்கள்" என்று போனில் சொன்னேன். அது பதிலாகுமா என்று அவர் கேட்டார். ஆகாதுதான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி ஸ்விஃப்ட், டயரின் அளவு 165/80 ஆர்14, உள்நாட்டுத் தயாரிப்பு, விலைப்பட்டியலில் கீழிருந்து சற்று மேலே நிற்கும் ரகம். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரி அகலமான நேர்ப்பள்ளங்களும் பெரிய பட்டன்களும் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) கொண்ட வார்ப்பைப் பலரும் விற்கிறார்கள், நான் சொல்லும் குறை அந்த வார்ப்பைப் பற்றியது.

குறை இதுதான்: இந்த டயர் கல் பொறுக்குகிறது. கோட்டையூர், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் ஊருக்குள் திரும்பும் பாதைகளில் தார் முடிகிற இடத்தில் செஞ்சரளைதான் பரப்பியிருக்கும் என்பது இங்கே வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். அந்தச் சரளையில் சுண்டைக்காய் அளவுள்ள கற்கள், இந்த டயரின் பள்ளத்துக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டவைபோல, கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மறுபடியும் தார்ச்சாலையில் ஏறியதும் 'டக், டக், டக்' என்று தொடங்கும். வேகம் கூடக் கூட அது ஒரே இரைச்சலாகி, அறுபதைத் தாண்டும்போது ஒரு கல் பிடி விட்டுச் சக்கர வளைவின் உட்புறத்தில் படாரென்று அடிக்கும். பாட்டுப் போட்டு மறைக்கலாம் என்றால், கானாடுகாத்தானில் இரண்டு பக்கமும் நீள நெடுக மதில் எழும்பி நிற்கும் தெருக்களில் அந்தச் சத்தம் சுவரில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. பின்சீட்டில் இருந்த அப்பத்தா, "என்னப்பா, வண்டிக்குச் சலங்கை கட்டியிருக்கியா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கதவின் பக்கப்பையில் ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர் நிரந்தரமாக இருக்கிறது. கல்லை நெம்பும்போது பள்ளத்தின் அடிப்பகுதியைக் கீறாமல், பக்கவாட்டில் கொடுத்து எடுக்க வேண்டும். கீறல் ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் எஃகு இழைக்கு ஈரம் இறங்கும். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகளை வார்த்துவிட்டால் கல்லை அதுவே வெளியே தள்ளும். பல டயர்களில் அந்த மேடுகள் இருக்கின்றன. இதில் இல்லை. ஓர் அச்சு வார்க்கிறவருக்கு இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் திருமயத்திலிருந்து காரைக்குடிக்கு வரும் வழியில், முன்னால் போன லாரி அடித்த தண்ணீர் கண்ணாடியை மூடிய நேரத்தில், கண்மாய்க்கரைத் திருப்பத்துக்குச் சற்று முன்பாக மாடு ஒன்று குறுக்கே வந்தது. அழுத்திப் பிடித்தேன். வண்டி இம்மியும் விலகாமல், ஸ்டீயரிங் கையில் ஆடாமல், நேராக நின்றது. பழைய டயராக இருந்திருந்தால் முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும் என்பதை அதை ஓட்டிய பழக்கத்தில் உறுதியாகச் சொல்கிறேன். டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் ஏடாகத் தங்கிவிட்டால் ரப்பர் தரையைத் தொடாமல் மிதக்கும். அந்தத் தண்ணீரை வாங்கிப் பின்னால் தள்ளுவது அகலமான பள்ளங்களின் வேலை. கல்லைப் பிடித்துவைப்பதும் அதே பள்ளங்கள்தான் என்பதால்தான் எனக்கு இதன்மேல் முழுமையாகக் கோபப்படவும் முடியவில்லை.

கடைக்காரர் இதை 'ஆல் சீசன்' என்று சொல்லித்தான் விற்றார். அந்தச் சொல் பிறந்தது பனி விழும் நாடுகளில். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும்போது சாதாரணக் கோடைக்கால ரப்பர் விறைத்துப் பிடியை இழந்துவிடும் என்பதற்காக வந்த வகை அது. பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் இருந்தால் பனித்தரையில் சோதித்துத் தேறியது என்று பொருள். 'எம்+எஸ்' (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருப்பதற்கு அந்தச் சோதனை தேவையில்லை. மார்கழிப் பனியில்கூட நமக்கு அந்தக் குளிர் வரப்போவதில்லை. நமக்குச் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும்தான் சீசன்கள். ஆகவே அந்தச் சொல்லுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. பக்கச்சுவரில் 'டிராக்‌ஷன்', 'டெம்பரேச்சர்' என்று தர எழுத்துகள் அச்சிட்டிருந்தால் அவற்றைப் பாருங்கள்: முதலாவது ஈரத்தரையில் நேராக பிரேக் பிடிக்கும் திறன், இரண்டாவது வெப்பம் தாங்கும் திறன். அளவை அடுத்து வரும் '85டி' என்பதையும் விட்டுவிடாதீர்கள்; 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. மலிவாகக் கிடைக்கிறதென்று எடைக் குறியீடு குறைந்த டயரைப் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பக் கூடாது. தயாரிப்புத் தேதியைப் பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் சொல்லும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

தேய்மானத்தில் குறை சொல்ல இடமில்லை. முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்டயர்கள் வேகமாகத் தேயும்; முன்பின் மாற்றிப் போட்டு வந்ததில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. சீமைக்கருவேல முள் ஏறியதுண்டு, ஆனால் அதற்கு எந்த டயரும் விலக்கில்லை. டியூப்லெஸ் என்பதால் காற்று மெல்லத்தான் இறங்கும், காலையில் வண்டி சூடாவதற்கு முன் காற்றழுத்தம் பார்க்கும் பழக்கம் இருந்தால் அகப்பட்டுவிடும். நைட்ரஜன் நிரப்பச் சொல்லிக் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

இத்தனையும் எழுதிய பிறகு மாப்பிள்ளை, "அப்படியானால் வாங்கலாம்தானே?" என்று கேட்பார். திருச்சிச் சாலையிலேயே போய் வருகிறவர் தாராளமாக வாங்கலாம். தினமும் சரளையில் இறங்கி ஏறும் நான் மறுபடியும் வாங்கமாட்டேன், மழையில் இது எனக்குச் செய்த உதவி நினைவில் இருந்தும் வாங்கமாட்டேன். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்றாலும், அடுத்த ஐப்பசிக்கு முன் 3 மில்லிமீட்டரைத் தொட்டால் நான்கையும் கழற்றிவிட்டு, அடியில் கல் தள்ளும் மேடுள்ள வார்ப்பாகப் பார்த்து, விலை ஐந்நூறு கூடினாலும் அதையே போடுவதாக இருக்கிறேன்.