மனித உரிமை ஆணையமா, மக்கள் சிவில் உரிமைக் கழகமா?

காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டால், குடும்பம் எங்கே போவது?

தேசிய மனித உரிமை ஆணையம் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே புகார் எழுதலாம். விசாரணையில் சாட்சிகளை வரவழைக்க சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் விசாரிக்காது. இழப்பீடு கொடுங்கள், வழக்குத் தொடருங்கள் என்று சொல்வதும் பரிந்துரை மட்டுமே. ராணுவத்தினர் மீதான புகார் என்றால் மத்திய அரசிடம்தான் அறிக்கை கேட்க முடியும்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பி.யு.சி.எல்., நெருக்கடி நிலையின்போது 1976-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கியது. இது அரசு அமைப்பு அல்ல; எனவே கழகத்தால் யாருக்கும் சம்மன் அனுப்ப முடியாது. அதன் பலம் வேறு. ஆட்கள் ஊருக்கே போய், பாதிக்கப்பட்டவர்களிடம் உட்கார்ந்து பேசி, உண்மை அறியும் அறிக்கை வெளியிடுவார்கள். அப்புறம் நீதிமன்றம். 2001-இல் அது தொடுத்த உணவு உரிமை வழக்கில்தான், அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. (நம் தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே இருந்தது.) 2013-இல் நோட்டா வந்ததும் அதன் வழக்கால்தான்.

என்னைக் கேட்டால், ஓராண்டுக் கெடு ஓடுவதால் ஆணையத்துக்கு உடனே புகார் அனுப்பிவிட வேண்டும். ஆனால் பயந்துபோன குடும்பத்தோடு கூடவே நிற்பதற்கு, கழகத்தையும் அன்றே கூப்பிட வேண்டும்.